"ஏற்றுமதியை நிறுத்திட்டாங்க"ன்னு நியூஸ் வந்தா என்னென்ன பாக்கணும்

2025 ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை, சைனா, லைசன்ஸ் இல்லாம ஏற்றுமதி பண்ணக்கூடாதுன்னு ஒரு லிஸ்ட் வெளியிட்டாங்க. திங்கக்கிழமை காலைல சைனாவுல நிங்போங்கற ஊர்ல இருக்கற எங்க காந்த சப்ளையர்கிட்ட இருந்து மெசேஜ், புது ரூல் வந்திருக்கு, லைசன்ஸ் வாங்கணும், கொஞ்சம் பொறுங்கன்னு. நான் கோயமுத்தூர்ல ஒரு சின்ன மோட்டார் கம்பெனில பர்ச்சேஸ் பாக்கறவன், பொறுங்கன்னு எவனாவது சொன்னா எத்தன நாள்னு கேக்கறதுதான் என் தொழிலே, கேட்டேன், பதில் வரல. மத்தியானம் ஓனர் கூப்ட்டு "ஏப்பா, டிவில ரேர் எர்த் ரேர் எர்த்துன்னு கத்தறாங்களே, நாம வாங்கறது அதுதானா, லைன் நிக்குமா நிக்காதா"ன்னார். எனக்கு நெஜமாவே தெரியல. பத்து வருஷமா அந்த காந்தத்த வாங்கறேன், அதுக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு நாளும் கேட்டதில்ல.

அதுக்கப்பறம் உக்காந்து படிச்சதுல, திட்டு வாங்கினதுல, கையெழுத்துக்கு அலைஞ்சதுல கத்துக்கிட்டத இங்க எழுதறேன். ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு எண்ணெய், கேஸ், தாது, அரிசி, தண்ணினு எதையாவது "தரமாட்டேன்"னு சொன்னா அது நெஜமாவே கழுத்தப் புடிக்குமா, இல்ல சும்மா உறுமலான்னு எப்படி பாக்கறதுன்னுதான் விஷயம். நான் ப்ரொபசர் இல்ல, தப்பிருந்தா சொல்லுங்க, திருத்திக்கறேன்.

முதல் வேலை, எது நிக்குதுன்னு பேரு, கிரேடு, கோடு வரைக்கும் பாக்கணும். ஹெட்லைன நம்பாதீங்க. அன்னிக்கு எல்லா பேப்பர்லயும் "காந்த ஏற்றுமதிக்கு சைனா தடை"ன்னுதான் இருந்துச்சு. லிஸ்ட்ட எடுத்துப் பாத்தா ரேர் எர்த்னு சொல்ற பதினேழு தனிமத்துல ஏழு, சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், இட்ரியம், அப்புறம் இதெல்லாம் கலந்த பொருள்களும் காந்தங்களும். நியோடிமியம் அந்த லிஸ்ட்லயே இல்ல! நாம நியோடிமியம் காந்தம்னுதான் சொல்றோம், அதோட மூலப்பொருளே லிஸ்ட்ல இல்லாதப்போ நம்ம காந்தம் ஏன் நிக்கணும்?

இங்கதான் கிரேடு வருது. காந்தத்துக்கு என்35, என்42னு நம்பர் இருக்கும், பின்னாடி சில சமயம் எச், எஸ்எச், யூஎச்னு எழுத்து இருக்கும். அந்த எழுத்து சூடு தாங்கற அளவு. வெறும் என் கிரேடு 80 டிகிரி வரைக்கும், எச் 120, எஸ்எச் 150, யூஎச் 180. அந்தச் சூட்டத் தாங்கறதுக்குத்தான் டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ துளி கலக்கறாங்க, பிரியாணில ஜாதிக்காய் போடற மாதிரி, கொஞ்சம்தான், ஆனா அது இல்லன்னா தெரிஞ்சிடும். நாங்க வாங்கறது மூணு கிரேடு, அதுல ரெண்டு சாதா என், ஒண்ணு எஸ்எச். லைசன்ஸ் வேண்டியது அந்த ஒண்ணுக்குத்தான். ஆனா துறைமுகத்துல இருக்கற கஸ்டம்ஸ் ஆபீசருக்கு எது எதுன்னு எப்படி தெரியும், அதனால டெஸ்ட் ரிப்போர்ட் குடு, அப்புறம் பாக்கலாம்னு எல்லாத்தயும் ஓரங்கட்டிட்டாங்க, லிஸ்ட்ல இல்லாததும் ஆறு வாரம் லேட்டு. லிஸ்ட்ல எழுதினது ஒண்ணு, துறைமுகத்துல நடக்கறது ஒண்ணு, ரெண்டையும் தனித்தனியா விசாரிக்கணும்.

இதே தப்ப நாம வீட்லயும் பண்ணிருக்கோம். 2023 ஜூலை 20 இந்தியா அரிசி ஏற்றுமதிக்கு தடை போட்டுச்சு. என் அக்கா நியூஜெர்சில இருக்கா, அன்னிக்கு ராத்திரி அவங்க ஊரு இந்தியன் கடைல எடுத்த வீடியோ அனுப்பினா, ஆளாளுக்கு தள்ளுவண்டில மூட்டை மூட்டையா அள்ளறாங்க, அவளும் ஆறு மூட்ட தூக்கிட்டு வந்திருக்கா, அதுல நாலு இட்லி அரிசி. தடை போட்டது பாஸ்மதி இல்லாத வெள்ளை அரிசிக்கு, அதாவது பச்சரிசிக்கு. இட்லி அரிசி புழுங்கலரிசி, அதுக்கு எச்எஸ் கோடே (கஸ்டம்ஸ்ல பொருளுக்குப் போடற நம்பர்) வேற, அதுக்கு தடையே கெடயாது, ஒரு மாசம் கழிச்சு 20% வரி மட்டும் போட்டாங்க. சோனா மசூரி பச்சரிசி சாப்பிடற ஆந்திராக்காரங்க பயந்தது சரி, நம்மாளுங்க பயந்தது வேஸ்ட்டு. அக்கா வீட்டு கராஜ்ல அடுத்த வருஷம் வரைக்கும் வண்டு வந்துட்டு இருந்துச்சு.

ரெண்டாவது, எப்படி நிறுத்தறாங்கங்கற ரூபம். தடை, கோட்டா, லைசன்ஸ், வரி, "மெயின்டனன்ஸ் நடக்குது", இதெல்லாம் வேற வேற ஆயுதம். நான் முன்னாடி நெனச்சிட்டு இருந்தேன், முழு தடைதான் பெரிய அடின்னு. இப்ப அப்படி நெனக்கல. தடை போட்டா எல்லாருக்கும் தெரியும், கேஸ் போடுவாங்க, மாத்து தேட ஓடுவாங்க. லைசன்ஸ்னா குழாய மூடறதில்ல, வால்வுல கை வச்சுட்டு நிக்கறது. இந்த மாசம் கொஞ்சம் தெறக்கலாம், அடுத்த மாசம் கொஞ்சம் மூடலாம், ஒரு நாட்டுக்கு குடுத்துட்டு இன்னொருத்தர வெய்ட் பண்ண வைக்கலாம், கேட்டா "நாங்க எங்கங்க தடுத்தோம், பேப்பர் சரியா இல்ல"ன்னு சொல்லிக்கலாம்.

அந்த பேப்பர் என்னன்னு சொல்றேன். கடைசில பொருள யார் யூஸ் பண்றாங்கன்னு ஒரு சர்டிபிகேட். இது ராணுவ வேலைக்கு இல்ல, வேற யாருக்கும் கைமாத்தி விடமாட்டோம், இந்த மோட்டார்ல இத்தன கிராம் போகும், இன்ன பம்ப்புல மாட்டுவோம்னு எழுதி கம்பெனி சீல் வைக்கணும், நம்ம அரசாங்கத்துல ஒப்புதல் வாங்கணும், டெல்லில இருக்கற சைனா தூதரகத்துல முத்திரை, அப்புறம் அங்க இருக்கற சப்ளையர் பெய்ஜிங்ல வர்த்தக அமைச்சகத்துல தாக்கல் பண்ணணும், அவங்க சட்டப்படி 45 வேலை நாள் வரைக்கும் எடுத்துக்கலாம். நாங்க ஒரு போட்டோ கேட்டதுக்கு ரெண்டு போட்டோ குடுத்தோம். எழுதிக்கிட்டே இருக்கும்போதுதான் எனக்கு ஒறச்சுது, உலகத்துல எந்தெந்த கம்பெனி எந்த மாடல்ல எவ்ளோ டிஸ்ப்ரோசியம் போடறான்னு மொத்த கணக்கையும் நாமளே பூர்த்தி பண்ணி அவங்க மேசைல வச்சுட்டோம், அடுத்த தடவ எங்க அழுத்துனா எவன் கத்துவான்னு அவங்களுக்கு தேடவே வேண்டாம்.

சத்தமே இல்லாம நிறுத்தறதும் உண்டு. 2010 செப்டம்பர்ல கிழக்கு சீனக் கடல்ல சென்காகு தீவுப் பக்கம் ஒரு சைனா மீன்பிடி படகு ஜப்பான் கடலோரக் காவல் கப்பல்ல மோதுச்சு, கேப்டன ஜப்பான் புடிச்சு வச்சுது, அதே மாசம் ஜப்பானுக்கு வர்ற ரேர் எர்த் கப்பல்ல ஏறல. சைனா கடைசி வரைக்கும் "நாங்க தடையே போடல"ன்னுதான் சொன்னாங்க. ரஷ்யா 2022ல ஜெர்மனிக்கு போற நார்ட் ஸ்ட்ரீம் குழாய்ல கொள்ளளவுல ஜூன்ல 40%க்கும் ஜூலைல 20%க்கும் குறைச்சாங்க, காரணம் கேட்டா கனடால சர்வீஸுக்கு போன டர்பைன் வரல, வந்தப்பறம் அதுக்கு பேப்பர் சரியில்ல. செப்டம்பர் ஆரம்பத்துல எண்ணெய் கசியுதுன்னு சொல்லி முழுசா மூடினாங்க, அப்புறம் தெறக்கவே இல்ல. "டெக்னிகல் காரணம்"னு நியூஸ்ல பாத்தா உடனே காலண்டரப் பாருங்க, அந்த வாரம் அவங்களுக்குள்ள என்ன சண்டைன்னு.

மூணாவதுதான் முக்கியமானது, ஜனங்க அதிகமா தப்பு பண்றதும் இங்கதான். மண்ணுல யார்கிட்ட இருக்குன்னு பாக்கறத விடுங்க, எந்த வாசல் வழியா வெளிய வருதுன்னு பாருங்க.

ரேர் எர்த்ங்கற பேரே ஏமாத்து. அதுல சீரியம்னு ஒண்ணு, பூமில தாமிரம் கெடக்கற அளவுக்குக் கெடக்கு. கஷ்டம் தோண்டறதுல இல்ல, பிரிக்கறதுல. பதினேழும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டிப் பொறந்த அண்ணன் தம்பி மாதிரி, கெமிஸ்ட்ரில கிட்டத்தட்ட ஒரே கொணம், பிரிக்கணும்னா ஆசிட்லயும் கரைப்பான்லயும் நூத்துக்கணக்கான தொட்டிய வரிசையா வச்சு திரும்பத் திரும்ப அலசணும், கழிவு வேற, கூடவே கதிரியக்கம் வேற. அமெரிக்கால கலிபோர்னியால மவுண்டன் பாஸ்னு பெரிய சுரங்கம், 1980கள் வரைக்கும் உலகத்துக்கே அவங்கதான் சப்ளை. அப்புறம் சைனா மலிவா குடுக்க ஆரம்பிச்சதும் சுரங்கம் நொடிச்சுது, 2010 வெலையேத்தத்தப் பாத்து கோடி கோடியா போட்டு மறுபடி தெறந்த கம்பெனி 2015ல திவாலாச்சு, இப்ப நடத்தறவங்களும் பல வருஷமா தோண்டின தாதுவ கப்பல்ல ஏத்தி சைனாவுக்குத்தான் அனுப்பிட்டு இருந்தாங்க. சுரங்கம் அமெரிக்கால, சாவி சைனால. தோண்டறதுல சைனா பங்கு மூணுல ரெண்டு பங்கு பக்கம், பிரிக்கறதுலயும் காந்தமா மாத்தறதுலயும் 90% பக்கம்.

நம்ம ஊரு கதையும் இதேதான். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரைல கறுப்பா மணல் இருக்கும், பாத்திருப்பீங்க. 1909 வாக்குல ஷோம்பர்க்னு ஒரு ஜெர்மன்காரர், திருவிதாங்கூர்ல இருந்து போன தேங்காநார்ல ஒட்டியிருந்த மணல சோதிச்சு அதுல மோனசைட், அதாவது ரேர் எர்த்தும் தோரியமும் கலந்த தாது, இருக்குன்னு கண்டுபுடிச்சார். அப்ப தெருவிளக்குக்கும் வீட்டு விளக்குக்கும் போடற கேஸ் மேன்டிலுக்கு தோரியம் வேணும், மோனசைட்ல தோரியம் இருக்கு, அவ்ளோதான், மணலுக்கு கிராக்கி. அப்புறம் அணுகுண்டு காலம் வந்ததும் அதே மணல் வேற லெவலுக்கு போச்சு. 1951ல நாட்டுல பஞ்சம், நேரு அமெரிக்காகிட்ட 20 லட்சம் டன் கோதுமை கேட்டார், அமெரிக்க நாடாளுமன்றத்துல சில பேரு கோதுமை குடுக்கறோம், மோனசைட் ஏற்றுமதித் தடையை எடுங்கன்னு நின்னாங்க. நேரு அந்தத் தடையை எடுக்கல. மாசக்கணக்குல இழுத்து கடைசில 19 கோடி டாலர் கடனா கோதுமை வந்துச்சு. அந்தப் பக்கம் கோதுமைய வச்சு நெருக்கினாங்க, இந்தப் பக்கம் நாம மணல வச்சு தாக்குப்புடிச்சோம். இது நடந்தப்ப மணவாளக்குறிச்சி தமிழ்நாட்லயே இல்ல, 1956ல்தான் நம்ம பக்கம் வந்துச்சு.

சரி, அவ்ளோ மணல் இருக்கே, இப்ப ஏன் நான் நிங்போக்காரன் மெசேஜுக்கு காத்துட்டு இருக்கேன்? ரேர் எர்த் இருப்புல இந்தியா உலகத்துல முன்வரிசை, ஆனா 2024 கணக்குப்படி வருஷத்துக்கு தோண்டறது 3,000 டன்னுக்கும் கீழ, சைனா 2,70,000 டன். அதோட நம்ம கடற்கரை மோனசைட்ல இருக்கறது பெரும்பாலும் லேசான வகை, எங்க எஸ்எச் காந்தத்துக்கு வேண்டிய டிஸ்ப்ரோசியம் அதுல ரொம்பக் கம்மி. டிஸ்ப்ரோசியம் அதிகமா வர்றது தென்சைனா களிமண்லயும் மியான்மர்ல கச்சின் பக்கமும். வாட்ஸப்ல "தோரியத்த வச்சு இந்தியா உலகத்தையே ஆட்டிப்படைக்கும்"னு வர்ற பார்வர்டுக்கு என் பதில் இதுதான், மாமா தயவுசெஞ்சு அனுப்பாதீங்க.

இந்த வாசல் கணக்க மத்ததுக்கும் போட்டுப் பாருங்க. கோபால்ட் 70%க்கு மேல காங்கோல தோண்டறாங்க, ஆனா சுத்திகரிக்கறதுல பெரும்பங்கு சைனால. 2025 பிப்ரவரில காங்கோ ஏற்றுமதிய நிறுத்துச்சு, விழுந்து கெடந்த வெல ஏறுச்சு, அக்டோபர்ல கோட்டா முறைக்கு மாத்துனாங்க, வெலைக்கு அது வேலை செஞ்சுது. இந்தோனேசியா ஒரு படி மேல யோசிச்சுது, 2020 ஜனவரில இருந்து நிக்கல் தாதுவ அப்படியே வெளிய விடமாட்டோம், வேணும்னா இங்க வந்து உலை கட்டுன்னுட்டாங்க. ஐரோப்பா உலக வர்த்தக அமைப்புல கேஸ் போட்டு 2022ல ஜெயிச்சுது, இந்தோனேசியா அப்பீல் போட்டுச்சு, அப்பீல் விசாரிக்கற பெஞ்சே 2019ல இருந்து ஆளில்லாம கெடக்கு, அதனால தீர்ப்பு காகிதத்தோட சரி. உலைங்க வந்துச்சு, உலக நிக்கல்ல பாதிக்கு மேல இப்ப அங்கதான். ஆனா உலைய கட்டினதுல முக்காவாசி சைனா கம்பெனிங்க. வாசல வீட்டுக்கு கொண்டு வந்துட்டாங்க, காவலாளி பக்கத்து வீட்டுக்காரன்.

அடுத்தது நாள் கணக்கு. மாத்து கெடைக்க எத்தன நாள் ஆகும், கையிருப்பு எத்தன நாளைக்கு வரும். இந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல இருக்கற இடைவெளிதான் நிறுத்தறவனோட பலம், வேற எதுவும் இல்ல. பர்ச்சேஸ்ல இத நாங்க தினமும் பண்றோம், லீட் டைம் 60 நாள், ஸ்டாக் 20 நாள்னா 40 நாள் நீ அவன்கிட்ட கெஞ்சணும்.

கப்பல்ல வர்றதும் குழாய்ல வர்றதும் ஒண்ணில்ல. 1973 அக்டோபர்ல அரபு நாடுங்க அமெரிக்காவுக்கும் நெதர்லாந்துக்கும் எண்ணெய் தரமாட்டோம்னு சொன்னாங்க, ஆனா எண்ணெய் கப்பல நடுக்கடல்ல திருப்பலாம், ஒருத்தனுக்கு வர்றது இன்னொருத்தனுக்கு போச்சு, இவனுக்கு வேற எங்கிருந்தோ வந்துச்சு. உண்மையான அடி உற்பத்திய குறைச்சதுலயும் வெலைலயும்தான், 3 டாலர் பேரல் சில மாசத்துல 12 டாலர் பக்கம் போச்சு, அந்த வெல குறி வச்ச நாட்ட விட நம்மள மாதிரி ஏழை நாட்டத்தான் அதிகமா அடிச்சுது. குழாய்னா கத வேற. 2009 ஜனவரில ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் நடந்த சண்டைல ரெண்டு வாரம் கேஸ் நின்னுச்சு, நடுங்கற குளிர்ல பல்கேரியாவும் ஸ்லோவாக்கியாவும் மாட்டிக்கிச்சு, ஏன்னா அவங்களுக்கு வேற குழாயே இல்ல.

2022 இதோட பெரிய பரீட்சை. அதுக்கு முந்தின வருஷம் ஐரோப்பா இறக்குமதி பண்ண கேஸ்ல 45% ரஷ்யாது. இத நிறுத்துனா ஐரோப்பா மண்டி போடும்னுதான் நெறய பேரு எழுதினாங்க, நானும் அப்படித்தான் நம்பினேன், தொழிற்சாலை வச்சிருக்கறவன் எவனும் அப்படித்தான் நம்பிருப்பான். ஆகஸ்ட்ல கேஸோட மொத்த வியாபார வெல ஒரு மெகாவாட் மணிக்கு 300 யூரோவ தாண்டுச்சு, சாதாரண நாள்ல அது 20 சொச்சம். ஆனா ஜெர்மனி என்ன பண்ணுச்சுன்னா வில்ஹெல்ம்ஸ்ஹாபன்ல மிதக்கற எல்என்ஜி (குளிர வச்சு திரவமாக்கி கப்பல்ல வர்ற கேஸ்) முனையத்த 200 நாள் பக்கத்துல முடிச்சு டிசம்பர்ல தெறந்துட்டாங்க. பில் யாரு கட்டினாங்கன்னா, ஐரோப்பா காச அள்ளி வீசுனதுல பாகிஸ்தானுக்கும் பங்களாதேஷுக்கும் வரவேண்டிய கேஸ் கப்பலே கெடைக்காம அங்க கரெண்ட் கட்டு. ஒரு நாட்ட குறி வச்சு அடிச்சா யார் தலைல விழும்னு பாக்கணும்ங்கறது இதுக்குத்தான், குறிக்கு ஆளானவன் தலைல பெரும்பாலும் விழாது, காசு இல்லாதவன் தலைல விழும்.

கையிருப்ப பாக்காம மிரட்டுனா என்னாகும்ங்கறதுக்கு பழைய உதாரணம் ஒண்ணு இருக்கு. 1861ல அமெரிக்க உள்நாட்டுப் போர் ஆரம்பிச்சப்ப தெக்கு மாகாணங்க, பருத்திய நிறுத்துனா இங்கிலாந்து ஆலைங்க மூடும், அவங்க நமக்காக சண்டைக்கு வந்துடுவாங்கன்னு கணக்கு போட்டு பருத்தி கப்பல அனுப்பாம வச்சுக்கிட்டாங்க. அதுக்கு முந்தின வருஷங்க அமோக வெளைச்சல், இங்கிலாந்து குடோன்ல பஞ்சு நெரம்பிக் கெடந்துச்சு. அது தீர்றதுக்குள்ள எகிப்துலயும் இந்தியாவுலயும் இருந்து பஞ்சு போக ஆரம்பிச்சுது, பம்பாய்ல பணம் கொட்டுச்சு. லங்காஷையர் நெசவாளிங்க பட்டினி கெடந்தாங்கதான், அதுக்காக இங்கிலாந்து சண்டைக்கு வரல. தென் அமெரிக்காவுல சிலி நாட்டுக்கு நடந்தது இன்னும் கொடுமை, உலகத்துக்கே வெடிமருந்துக்கும் உரத்துக்கும் வேண்டிய நைட்ரேட் அவங்க பாலைவனத்துல இருந்துச்சு, 1913ல ஜெர்மனில காத்துல இருந்தே அம்மோனியா எடுக்கற ஆலை ஓட ஆரம்பிச்சுது, அதோட அந்த ராஜ்ஜியம் கொஞ்சம் கொஞ்சமா முடிஞ்சுது.

ஆனா நாள் கணக்கு சில எடத்துல வருஷக் கணக்கா இருக்கும், அங்கதான் பயப்படணும். 2010ல அடி வாங்கின ஜப்பான் சும்மா இல்ல, ஸ்டாக் வச்சாங்க, பழைய ஏசில இருந்து காந்தத்த உருவி எடுத்தாங்க, அடுத்த வருஷமே ஆஸ்திரேலியாவோட லைனாஸ் கம்பெனிக்கு 25 கோடி டாலர் குடுத்தாங்க. சைனாவ நம்பியிருந்தது 90%ல இருந்து 60% பக்கம் எறங்கிச்சு. ஆனா லைனாஸ் மலேசியா ஆலைல டிஸ்ப்ரோசியம் தனியா பிரிச்சு எடுத்தது எப்பன்னு பாருங்க, 2025 மே மாசம். ஜப்பான் மாதிரி காசும் பொறுமையும் உள்ள நாடு 2011ல ஆரம்பிச்சு 14 வருஷம். எங்க ஓனர் என்கிட்ட "வேற சப்ளையர புடிப்பா"ன்னு சொன்னது ஏப்ரல் 8. சாதா காந்தத்துக்கு ஒரு மாத்து இருக்கு, பெரைட், ஸ்பீக்கர்ல இருக்குமே கறுப்பா, அது. ஆனா பலம் பத்துல ஒரு பங்கு, அதப் போட்டா மோட்டார் பெருசாகும், கனமாகும், டை மாத்தணும், டெஸ்ட் மறுபடி எடுக்கணும். ஒரு மாடலுக்கு மாத்தினோம், எட்டு மாசம் ஆச்சு.

நிறுத்தறவன் எத்தன நாள் பட்டினி கெடப்பான்ங்கறது அடுத்த கேள்வி. ரஷ்யாவுக்கு கேஸ் சம்பளம் மாதிரி, அத நிறுத்துனா அவங்க வீட்லயும் அடுப்பு அணையும், அவங்க அரசு கேஸ் கம்பெனி காஸ்ப்ரோமுக்கு 2023ல 62,900 கோடி ரூபிள் நஷ்டம், இருபது வருஷத்துக்கு மேல அப்படி நடந்ததில்ல. சைபீரியா மேற்குல இருக்கற கேஸ உடனே சைனா பக்கம் திருப்ப குழாயும் இல்ல. சைனாவுக்கு ரேர் எர்த் ஏற்றுமதில வர்ற காசு அவங்க மொத்த ஏற்றுமதில தூசு. அத நிறுத்துனா அவங்களுக்கு கொசு கடி, ஆனா அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாதுங்கற மாதிரி, காந்தம் கெடைக்காம போர்டு கார் கம்பெனி சிகாகோல எக்ஸ்ப்ளோரர் ஆலைய 2025 மே மாசம் ஒரு வாரம் மூடினாங்க, சுசுகி ஜப்பான்ல ஸ்விப்ட் லைன நிறுத்தினாங்க. விக்கறவனுக்கு சில்லறை, வாங்கறவனுக்கு மொத்த வண்டி. இப்படி இருக்கற பொருள்தான் நல்ல ஆயுதம். எண்ணெயும் கேஸும் பாக்க பெரிய ஆயுதம், தூக்கறவன் கையே வலிக்கும்.

தண்ணிய பத்தி ஒரு வார்த்த. 2025 ஏப்ரல் 23 இந்தியா, 1960 சிந்து நதி ஒப்பந்தத்த நிறுத்தி வைக்கறோம்னு அறிவிச்சதும் "பாகிஸ்தானுக்கு சொட்டு தண்ணி போகாது"ன்னு டிவில மேப் போட்டு காட்டினாங்க. சிந்து, ஜீலம், செனாப் மூணும் மலைல இருந்து பாஞ்சு வர்ற ஆறு, தேக்கணும்னா மேட்டூர் மாதிரி அணை வேணும், அங்க நம்மகிட்ட இருக்கறதுல பெரும்பாலும் ஓடற தண்ணில கரெண்ட் எடுக்கற சின்னத் தேக்கங்க. அறிவிப்புக்கு ஒரு சாயங்காலம் போதும், அணைக்கு பத்து வருஷம். உடனே செய்யக்கூடியது வெள்ளத் தகவல குடுக்காம இருக்கறது, மதக எப்ப தெறக்கறோம் எப்ப மூடறோம்னு சொல்லாம இருக்கறது, விதைப்பு நேரத்துல அது சின்ன தொந்தரவு இல்ல. ஆனா "சொட்டு தண்ணி"ங்கறது வேற சமாச்சாரம்.

கடைசியா, பதிலுக்கு என்ன கேக்கறாங்கன்னு தேடுங்க. கோரிக்கை இல்லன்னா அது பெரும்பாலும் மிரட்டலே இல்ல, சொந்த அடுப்படி பிரச்சனை. இந்தியா வெங்காயத்த நிறுத்தும்போதெல்லாம் பக்கத்து நாட்டுக்காரங்க நம்மள பழிவாங்கறாங்கன்னு நெனக்கறாங்க, நெஜத்துல நாசிக்ல மழை, டெல்லில வெல, முன்னாடி எலக்ஷன், அவ்ளோதான். 2019 அக்டோபர்ல அப்ப பங்களாதேஷ் பிரதமரா இருந்த ஷேக் ஹசீனா டெல்லிக்கு வந்தப்ப மேடைலயே, முன்கூட்டி சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும், என் சமையல்காரர்கிட்ட வெங்காயம் போடாம சமைக்கச் சொல்லிட்டேன்னு சிரிச்சுக்கிட்டே குத்தினாங்க. இலங்கைல நம்ம பெரிய வெங்காயத்துக்கு பம்பாய் வெங்காயம்னே பேரு, 2023 டிசம்பர்ல நாம நிறுத்தினப்ப அங்க அந்த பம்பாய் வெங்காயத்துக்கு என்ன வெலையா இருந்திருக்கும்னு நெனச்சுக்கோங்க. அரிசித் தடையும் இப்படித்தான் ஆரம்பிச்சுது, ஆனா அதுல ஒரு ஷரத்து, வேற நாட்டு அரசாங்கம் கேட்டா மத்திய அரசு அனுமதி குடுக்கலாம்னு. பூட்டான், மொரிஷியஸ், சிங்கப்பூர்னு ஒவ்வொருத்தரா கேட்டு வாங்கினாங்க. அடுப்படி பிரச்சனையா ஆரம்பிச்சது ராஜதந்திரமா மாறற எடம் அந்த ஒத்த வரிதான். அறிவிப்ப படிக்கும்போது விதிவிலக்கு எங்க இருக்குன்னு முதல்ல தேடுங்க, வாசலோட சாவி அங்கதான் தொங்கும்.

ஏப்ரல் 4 லிஸ்ட்ட இதுல போட்டுப் பாருங்க. ரெண்டு நாள் முன்னாடி டிரம்ப் உலகத்துக்கே வரி போட்டார், அதனால கோரிக்கை தெளிவு. எல்லா நாட்டுக்கும் பொதுவான லைசன்ஸ், ஆனா குறி அமெரிக்கா, நாங்க நடுவுல நசுங்கினவங்க. அக்டோபர் 9 அன்னிக்கு சைனா இன்னும் கடுமையா ஒரு லிஸ்ட் போட்டாங்க, அக்டோபர் 30 பூசான்ல டிரம்பும் ஷி ஜின்பிங்கும் உக்காந்து பேசினாங்க, அந்த ரெண்டாவது லிஸ்ட்ட 2026 நவம்பர் 10 வரைக்கும் நிறுத்தி வச்சாங்க. பேப்பர்ல "சைனா பணிந்தது"ன்னு வந்துச்சு, ஓனர் சந்தோஷமா கட்டிங்க எடுத்துட்டு வந்தார். ஏப்ரல் லிஸ்ட் அப்படியேதான் இருக்கு சார், நம்ம எஸ்எச்சுக்கு இன்னும் லைசன்ஸ் வேணும்னு சொன்னேன். மூஞ்சி சுருங்கிடுச்சு.

நவம்பர் 10ங்கற தேதிய ஸ்டோர் ரூம் காலண்டர்ல செவப்பு பேனால வட்டம் போட்டு வச்சிருக்கேன், அதுக்குள்ள ஆறு மாச எஸ்எச் ஸ்டாக் உள்ள வரணும்னு நோட்டு போட்டு அனுப்பினேன். ஓனர் நோட்ட படிச்சார், கண்ணாடிய கழட்டினார், "இதுக்கு பேங்க் வட்டி யாருப்பா கட்டறது"ன்னு கேட்டார். பைல் இன்னும் அவர் மேசைலதான் இருக்கு.